சஹனுக்கு ஆள் நிறையவில்லை

கிழவனை எங்கே கொண்டுபோய் விட்டாய் என்று கேட்க வந்துவிட்டீர்களா? உங்கள் வீட்டு அடுப்பில் ஒன்றும் இல்லையா? சரி, கேட்டது கேட்டுவிட்டீர்கள், இருந்து முழுக்கக் கேளுங்கள்.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம், இங்கே தில்லையடியில். என் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷமாக மறதி வியாதி. சில நேரம் என்னைத் தன் மாமியார் என்று நினைத்து எழும்பி நிற்பார். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் காலையில் கண் அசந்தால் கதவைத் திறந்துகொண்டு, எப்போதோ விட்ட உப்பள வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். இரண்டு தடவை கடலோரக் களப்புச் சேற்றில் இடுப்பளவு நின்றவரை மீன்பிடிக்கிறவர்கள் தூக்கிவந்தார்கள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் பின்னால் ஓட முடியுமா? மகன் சிலாபத்துப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்தான்.

உண்மையைச் சொன்னால் வரமாட்டார். கலியாணத்துக்குப் போகிறோம் என்று பொய் சொன்னேன். மனிதர் தொப்பி போட்டு, அத்தர் பூசி, எனக்கு முன்னால் வான் வண்டியில் ஏறிவிட்டார்.

மூன்றாம் நாள் இல்லத்தைப் பார்க்கிற மிஸ் எனக்குப் போன் எடுத்தா. தேத்தண்ணீர் மட்டும் குடிக்கிறார், சோற்றைத் தொடுவதில்லை, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாயால்தான் கொடுக்க வேண்டும் என்றா. என்மேல் கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் கோபமே இல்லை. கை கழுவி, சட்டைக்கையை மடித்து, மீன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு இருக்கிறார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"சஹனுக்கு ஆள் நிறையல்லயே. இன்னம் அஞ்சு பேர் வரணும்."

எங்கள் கலியாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். ஆள் சேராமல் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். என் பொய்யை நம்பி அந்த மனிதர் மூன்று நாளாகக் காத்திருக்கிறார். பக்கத்தில் நான் உட்காரப் போனேன். பார்த்தாரே ஒரு பார்வை.

"பொம்புளையலுக்கு உள்ளுக்கு வெச்சிருக்கு. அங்க போ புள்ள."

மிஸ்ஸிடம் கெஞ்சி ஒரு பெரிய தட்டம் வாங்கி, ஆறு பேர் சோற்றையும் அதில் கொட்டினேன். அங்கிருந்த ஐந்து கிழவர்களையும் சுற்றி இருத்தினேன். இவர் பிஸ்மில்லாஹ் சொன்னார். பக்கத்திலிருந்த, முன்பு மீன் படகு வைத்திருந்த பல்லில்லாத சம்மாட்டியார் சிலுவை போட்டுக்கொண்டார். இவர் நல்ல மீன் துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மாப்பிள்ளை யார் என்று கேட்டார்.

"நாந்தான்," என்றார் சம்மாட்டியார்.

அன்றைக்கு என் மனிதர் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார். இப்போது அங்கே தினமும் பகலில் ஒரே தட்டம்தான். நான் தப்பிக்கச் சொன்ன பொய்யை அவர் மரியாதையோடு நடத்திக்கொண்டிருக்கிறார்; அதை நினைக்கும்போது இன்னும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

புருஷனைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேனா என்று பார்க்க, முதல் சஹன் வைத்த அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்:

"கலியாண வீட்டுல இருக்கார். சாப்பாடு இன்னம் முடியல்ல."