பாய்லர்காரி அட்ராக்டாவின் மூக்கு

கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அட்ராக்டா ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிடுவாள். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும், சன்னலுக்குக் கீழே நிற்கும் அந்த இரும்புப் பலகையின் தலையில் ஒரு தொடல், காலில் ஒரு தொடல். "கீழ சுடுது, மேல சில்லுனு இருக்கு. காத்து புகுந்துருச்சு," என்பாள். அதற்கப்புறம்தான் மனிதர்கள் பக்கம் திரும்புவாள். "என்ன கோர்மக், உயிரோடதான் இருக்கியா?"

கோர்மக் நான்தான். லைட்ரிம் மலைப்பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அட்ராக்டாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படித்தவர்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் பேருந்துக்குப் போனேன், அவள் அப்பாவின் வேனுக்குப் போனாள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் மண்ணெண்ணெயில் எரிகிற பாய்லர் எத்தனை உண்டோ அத்தனைக்கும் அவள்தான் வைத்தியச்சி.

கழுத்தில் செபமாலையோடு ஒரு சின்னப் பித்தளைச் சாவியும் தொங்கும். ரேடியேட்டரின் ஓரத்தில் அதை நுழைத்துக் கொஞ்சம் திருப்பினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும், பிறகு கறுப்புத் தண்ணீர் துப்பும். அதைத் தன் கந்தல் துணியில் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். வாய் மட்டும் ஓயாது. வருடம் முழுக்க பாய்லரை மறந்துவிட்டு முதல் பனி விழுந்த அன்றைக்குப் போன் செய்கிறவர்கள் அவளிடம் படுகிற பாடு கொஞ்சமல்ல. "செத்ததுக்கு அப்புறம் டாக்டரைக் கூப்பிடுறீங்களே, நல்லாருக்கா? கோடையிலயும் வாரம் ஒருவாட்டி கொஞ்ச நேரம் ஓட விடுங்கன்னு சொன்னேனா இல்லையா? பம்பு பிடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க." பங்குச் சாமியாருக்கும் இதே அர்ச்சனைதான்.

தற்பெருமைக்கும் குறைவில்லை. அடக்கம் என்பது அட்ராக்டாவின் பெட்டியில் இல்லாத ஒரே கருவி. கடையில், கல்லறைத் தோட்டத்தில், மாட்டுச் சந்தையில், எங்கே நின்றாலும் அதே பேச்சு: "என் கை பட்ட பாய்லர் ஒண்ணு புகைஞ்சுச்சுனு எவனாச்சும் சொல்லட்டும், மூக்கை அறுத்துத் தட்டுல வெச்சுத் தர்றேன்." யாரும் சொன்னதில்லை. மூக்கும் பெரிய மூக்கு, தூக்கிக்கொண்டேதான் நடப்பாள்.

ஒருமுறை என் அடுப்படிப் பாய்லரைச் சுத்தம் செய்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். கரியைத் துலக்கி எடுத்து, எண்ணெய் பீச்சும் நாசிலை மாற்றி, புகைக்குழாய்க்குள் காக்கை கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்து முடித்திருந்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுழன்றது, ஒரு 'டக்', கொஞ்சம் மௌனம். அந்த மௌனத்தில் அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு 'குப்'பென்று பற்றியது. சட்டைப் பொத்தான் அளவுக் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். வெள்ளையும் ஆரஞ்சுமாக, உறுமிக்கொண்டு, ஓர் இம்மி அசையாமல் நின்றது நெருப்பு. இத்தனை காலம் இதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தா முட்டை பொரித்துத் தின்றேன் என்று எனக்கு மேல் சிலிர்த்தது. கோயிலில் வராத பக்தி அங்கே வந்தது என்றால் சாமியார் கோபிப்பார், வந்தது.

"பாத்தியா? இவன் நம்மகூடவே வீட்டுக்குள்ள குடியிருக்கிறவன். இவனுக்கும் மூச்சு விடணும். அவன் மூச்சை நீ அடைச்சா, உன் மூச்சை அவன் எடுத்துக்குவான். வாசனையும் இருக்காது, சத்தமும் இருக்காது." சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்துக்கு நேரே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தாள். காகிதம் அவள் பக்கமாக வளைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தன் பிளாஸ்கைத் திறந்து தேநீர் குடித்தாள். எந்த வீட்டிலும் அதுதான் அவள் கடைசி வேலை; அந்த வீட்டுத் தேநீரை மட்டும் தொடமாட்டாள்.

இனி என் தங்கை டிம்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூசியோடு பிறவிப் பகை கொண்டவள். அட்ராக்டா வருகிறாள் என்றால் வாசலிலிருந்து பாய்லர் வரை செய்தித்தாள் விரிப்பாள். அட்ராக்டாவும் அதை விட்டு ஓரடி விலகாமல், கயிற்றின் மேல் நடப்பவள்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்து காட்டுவாள். "போதுமா தாயி? தரைக்கு வலிக்கலையே?"

போன அக்டோபரில் வீட்டுப் பூசை டிம்னாவின் முறைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு வீடாக முறை வைத்துச் சாமியார் வந்து அடுப்படியிலேயே பூசை வைப்பார்; அக்கம்பக்கம் முழுக்கக் கூடும். முறை வந்த வீட்டுக்காரி ஒரு வருடம் தூங்கமாட்டாள். சாமி பார்க்கிறாரோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரிகள் பார்ப்பார்கள். டிம்னா புதுச் சன்னல் போட்டாள், அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் விசிறி மாட்டினாள். பாய்லரையும் விடவில்லை. அட்ராக்டா வந்து முறையாகச் சுத்தம் செய்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் சுவருக்கு ரோஜாப்பூ போட்ட வால்பேப்பர் ஒட்டினார்கள்.

பூசை சனிக்கிழமை காலை. குளிரக் கூடாதென்று விடிவதற்கு முன்பே பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் எள் போட்டால் எள் விழாது. மேசைக்கு வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, பின்சுவரில் திருஇருதயப் படம். சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் சிலர் தலை ஆடத் தொடங்கியது. பிரசங்கத்தில் தூங்குவது எங்கள் ஊரில் நோயல்ல, பழக்கம். எனக்கும் தலை கனத்தது. முந்தின நாள் விஸ்கியின் மேல் பழியைப் போட்டேன். பாய்லர் ஓரத்தில் டிம்னாவின் மகள் மடியில் பேரன் உஷீன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான்.

அட்ராக்டா வழக்கம்போலத் தாமதம். வாசலில் நின்றபடி புறங்கையை ரேடியேட்டரில் வைத்தாள். அப்படியே நின்றாள். அவள் கண் போன வழியே நானும் பார்த்தேன். புதுச் சன்னல்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு மெழுகுவர்த்திச் சுடரும் அந்த விசிறிப் பக்கம் சாய்ந்து நின்றன. கடைசியாக அவள் பார்த்தது திருஇருதயப் படத்தை. அந்த இடத்தில்தான் காற்றுத் துவாரம் இருக்க வேண்டும். படத்தைச் சுற்றிலும் ரோஜாப்பூதான் இருந்தது. வெளிக்காற்று வர வழியில்லாமல், விசிறி பாய்லரின் புகையையே அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அவளே மாட்டிவிட்டுப் போயிருந்த விஷவாயு அலாரத்தையும் காணோம். வால்பேப்பருக்குப் பொருந்தவில்லையென்று டிம்னா அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் பாய்லரை அணைத்தாள், உஷீனைத் தூக்கினாள். "சாமி, நிறுத்துங்க. எல்லாரும் முற்றத்துக்கு வாங்க, இப்பவே. பாய்லர் விஷம் கக்குது." ஒரு நொடி தயங்கி டிம்னாவைப் பார்த்தாள். டிம்னாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "தப்பு என்னுதுதான். போன வாரம் புகைக்குழாய் மூடியைச் சரியா வெக்காம போயிட்டேன்," என்றாள் அட்ராக்டா.

முற்றத்தில் குளிர்ந்த காற்று பட்டதும் உஷீன் வாந்தியெடுத்தான். பிறகு ஓவென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அட்ராக்டா கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் இருந்த நர்ஸ் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் அவன் திரும்பி வந்து பசு மாட்டைத் துரத்திக்கொண்டிருந்தான். ஆனால் அந்தக் காலையில் அது யாருக்குத் தெரியும்? டிம்னா ஊர் முன்னால் அட்ராக்டாவைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுப் பூசையை நாசம் பண்ணிட்டியே. என் பேரனைக் கொல்லப் பாத்தியே. நீயெல்லாம் ஒரு பாய்லர்காரியா?" அட்ராக்டா, அந்த வாய்க்காரி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சாமியார்தான் சமாதானம் செய்தார். "பூசைக்குத் தடை இருந்த காலத்துல நம்ம முன்னோர் மலையில ஒளிஞ்சு, பாறையையே பீடமா வெச்சுப் பூசை கண்டவங்க. நமக்கு இந்த முற்றம் தாராளம்." மேசை வெளியே வந்தது. அப்படியொரு பூசையை யாரும் பார்த்ததில்லையென்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பூசைப் புத்தகத்தை எடுக்க நான் உள்ளே போனேன். சன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. அட்ராக்டா படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வால்பேப்பரை ஒரு ரோஜாவின் ஓரமாகக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு பழைய துவாலையை உருவினாள். வேனிலிருந்து கொண்டுவந்த மரக்கட்டை இரண்டைச் சுவரில் திருகி, அவற்றின் மேல் படத்தை மாட்டினாள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. எதிரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"உன் மேல தப்பே இல்லியே, அட்ராக்டா," என்றேன்.

"என் பேரு போச்சுன்னா அடுத்த குளிருக்குத் திரும்பி வந்துரும். உன் தங்கச்சிக்கு இந்தப் பூசை முறை எப்பத் திரும்பி வரும்? நீ எதையும் பாக்கல. போ."

பூசைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூக்கைத் தட்டில் வைத்துத் தருகிறேன் என்றவள் உண்மையாகவே தந்துவிட்டாள். நான் மனிதர்களைப் பார்த்து அசந்துபோகிற ஆள் இல்லை; அன்றைக்கு அசந்துபோனேன்.

அந்தப் பேர் அவ்வளவு லேசில் திரும்பவில்லை. பல வீடுகள் டவுன்காரன் ஒருவனைக் கூப்பிட்டுக்கொண்டன. எருவண்டிக்காரன் ஃபெஸ்டஸுக்குக் கொண்டாட்டம். அவளைக் கண்ட இடத்திலெல்லாம், "மூக்கு இன்னும் இருக்கே, எப்ப அறுக்கிறதா உத்தேசம்?" என்பான். அவள் சிரித்துவிட்டுப் போவாள். கிறிஸ்துமசுக்கு ஒட்டடை அடித்தபோது டிம்னா அந்தப் படத்தை ஒருமுறை கழற்றியிருக்கிறாள். பின்னால் வெட்டியிருந்த ஓட்டையைப் பார்த்திருப்பாள். அதோடு என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இந்தச் செப்டம்பரில் டிம்னா டவுன்காரனைக் கூப்பிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அட்ராக்டாவின் வேன்தான் வந்து நின்றது. வாசலில் செய்தித்தாள் விரித்திருக்கவில்லை. "என்ன தாயி, பேப்பர் வரலையா இன்னிக்கு?" என்று அட்ராக்டா வாசலிலேயே நின்றுவிட்டாள். "பூட்ஸோட வாக்கா," என்றாள் டிம்னா. நான் இருந்தேன். வேலியைப் பற்றிப் பேச வந்த ஃபெஸ்டஸும் தேநீரோடு உட்கார்ந்திருந்தான். பாய்லர் 'குப்'பென்று பற்றியதும் அவன் ஆரம்பித்தான். "பாத்து மூடு அட்ராக்டா. இருக்கிறது ஒரே மூக்கு."

டிம்னா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். திருஇருதயப் படத்தைக் கழற்றி ஃபெஸ்டஸின் மடியில் வைத்தாள். ரோஜாப்பூக்களுக்கு நடுவே ஒரு சதுர ஓட்டை. "அதை அடைச்சது நான். துவாலையைத் திணிச்சு, மேல பேப்பர் ஒட்டி, அலாரத்தையும் கழட்டி வெச்சது நான். அவ மூடி சரியாத்தான் இருந்துச்சு. போய் ஊருக்கெல்லாம் சொல்லு."

ஃபெஸ்டஸ் கையில் தேநீரும் மடியில் படமுமாக உட்கார்ந்திருந்தான். டிம்னா நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. அட்ராக்டா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, அந்த ஓட்டைக்கு நேரே நீட்டினாள். காகிதம் மெல்ல அவள் பக்கமாக வளைந்தது. பிளாஸ்கை எடுக்காமல், டிம்னாவை நோக்கித் தேநீர்க் கோப்பைக்காகக் கையை நீட்டினாள்.