கடலோரத்துக்கு ஒரு கட்டு பத்திரிகை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசைக் குடியிருப்பான லயத்தில், சித்தப்பாவின் வீட்டில் கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டு கடலோரப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறேன். இது என் முதல் வெளிநாட்டுப் பயணம். குறைந்த செலவில் கரையோரமாகவே பஸ்ஸில் போய், நினைத்த இடத்தில் இறங்கிக் குளிப்பதாக உத்தேசம். அதை நம்பிக் கொண்டுவந்த மெல்லிய சட்டைகளில் இங்கே பல் கிடுகிடுக்கிறது.

தோட்டத்துக் கங்காணியான சித்தப்பா வரைபடத்தை வாங்கி, சிவப்புப் பென்சிலால் பகாவ், சிகாமட், குளுவாங் என்று வட்டம் போடுகிறார். ஒன்றுகூடக் கரையில் இல்லை. எல்லாம் சொந்தக்காரர்கள் இருக்கும் ரப்பர் தோட்டங்கள்.

“ஓட்டலுக்குக் காசே வேணாம் லா. போற எடத்துல சோறும் பாயும் உண்டு.”

சொல்லிவிட்டு, மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டை என் மடியில் வைக்கிறார். அவருடைய மகளுக்குக் கல்யாணம்.

“தபால்ல போட்டா மொறையில்ல. நீ நேர்ல குடுத்துரு தம்பி.”

‘கட்டாயம் வந்துவிட்டுப் போ’ என்று அவர் எழுதிய கடிதத்தின் பாசம் இப்போதுதான் விளங்குகிறது.

“இதுல கடல் எங்க வருது சித்தப்பா?”

வரைபடத்தின் நீலத்தை நிஜமாகவே ஒருமுறை தேடிப் பார்க்கிறார்.

“அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லியேப்பா.”