மாவிளக்கும் வயித்துப் பையும்

இதை எழுதணும்னே தோணலை. வயித்தாலப் போன கதையை எவன் படிப்பான்னு விட்டுட்டேன். ஆனா எங்கப்பா மேல இருக்குற கோவம் இன்னும் ஆறலை, அதான்.

அச்சங்குளத்துல பட்டாசுக் கம்பெனில வேலை. ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை கக்கூஸுக்கு ஓடுவேன், ரத்தம் ரத்தமாப் போகும். போர்மேன் எனக்குக் கக்கூஸ் மேனேஜர்னு பட்டம் குடுத்தாரு. அம்புட்டுப் பேரும் வெடிமருந்துச் சூடுன்னாக. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன், நுங்கு தின்னேன். மதுரை டாக்டர்தான் பெருங்குடல் முழுக்கப் புண்ணுன்னு கண்டுபிடிச்சாரு. மாத்திரையில மூஞ்சி பணியாரமா உப்புச்சே ஒழிய ரத்தம் நிக்கலை. ரெண்டு வருசம் இப்படியே ஓடுச்சு.

ஒருநாள் வேலையில மயங்கி விழுந்தேன். அதே மதுரை ஆஸ்பத்திரில நர்ஸக்கா ஒருத்தங்க மருந்துச்சீட்டுக்குப் பின்னால படம் போட்டுச் சொன்னாக. இந்த நோவு பெருங்குடலோட சரி, அதை எடுத்துட்டா புண்ணு வர்றதுக்கு அங்கன இடமே இல்லை. சிறுகுடல் முனையை வயித்துக்கு வெளிய வச்சு, பை ஒட்டிருவாக. உடம்பு தேறுனதும் சில பேருக்குச் சிறுகுடல்லயே உள்ள பை மாதிரி தச்சு, பழைய வழியிலயே விடலாமாம். எல்லாருக்கும் சரிப்படாதாம். ஆபரேசன்ல ஆபத்தும் உண்டு, தள்ளிப்போட்டா குடலு ஓட்டை விளுந்து அதைவிட ஆபத்துன்னாக.

"முன்னயே சொல்லிருக்கலாம்லக்கா?"

"உங்கப்பாகிட்ட அப்பவே சொல்லியாச்சேப்பா. யோசிச்சுச் சொல்றேன்னாரே."

அப்பா ரெண்டு வருசமா யோசிச்சிருக்காரு. நான் ரெண்டு வருசமா ரத்தமாப் போயிருக்கேன். அப்பா வந்ததும் வார்டுன்னு பாக்காம கத்துனேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வயித்துல பையோட திரியிறவனுக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்"னாரு.

"செத்தவனுக்கு எவன் குடுப்பான்?"

ஆபரேசனுக்குச் சம்மதப் பேப்பரை நானே வாங்கி, கோணலாக் கையெழுத்துப் போட்டேன்.

பொளைச்சுட்டேன். பை வலது பக்கம் தொங்குது, ரத்தம் இல்லை. வயித்துல நோவு தீந்தா இருக்கன்குடி அம்மனுக்கு மாவிளக்கு எடுக்கேன்னு அம்மா நேந்திருந்தா. கோயில்ல சட்டையைக் களட்டிட்டு மல்லாக்கப் படுக்கணும், வயித்து மேல ஈரத்துணி, இலை, அதுக்கு மேல மாவுல விளக்கு எரியும். அப்பா உடனே, ஊரே பையைப் பாக்கும், போகாதேன்னாரு. ரெண்டு வருசம் ஒளிச்சது போதும், போறேன்னேன்.

வீம்பாச் சொல்லிட்டேனே தவிர, உள்ளுக்குள்ள பயம், விளக்குச் சூட்டுல பை உருகிட்டா? தெருமுக்கு ஒரு ரூவா போன்ல கூட வேலை பாக்குற சேக்காளியைக் கூப்பிட்டேன். வயித்துல பை இருக்கே, விளக்கை எங்கனலே வைக்கன்னு கேட்டேன்.

"மருந்து ரூம்லயே உக்காந்தவன் ஒரு திரிக்குப் பயப்படுறியாலே, இடது பக்கம் சும்மாதான கெடக்கு, அங்கன வை."