உச்சாணியின் உப்புத் தண்ணீர்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் ‘உச்சாணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்குவது அவள் வேலை. “தலை சுத்தாதா?” என்று யாராவது கேட்டால், “கீழ இருந்தாத்தான் சுத்துது” என்பாள்.

முப்பத்தெட்டு வயதில் அவள் குடல் முறுக்கிக்கொண்டது. உயிர் தப்பியது; ஆனால் அழுகிப்போன சிறுகுடலில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பியதும் தீராத தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் வயிற்றுப்போக்காகப் போனது. சிறுநீர் நாளுக்கு ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. அதுவும் கடுந்தேநீர் நிறத்தில். தையல்காரரான கணவர் அவள் சட்டைகளை மூன்று தடவை பிடித்துத் தைத்தார். “இதுக்கு மேல பிடிச்சா பாப்பா சட்டைதான்” என்றார். அவள் சிரித்தாள். அவரால் முடியவில்லை.

மறுபடியும் ஆஸ்பத்திரி. உணவு ஆலோசகர் அம்மா முதல் வேலையாக, “வெறும் தண்ணியக் குறைங்க” என்றார்.

“தாகத்துல சாகுறவளப் பார்த்து இப்படிச் சொல்றீங்களே!”

“மிச்சமிருக்கிற குடல்ல வெறும் தண்ணி தங்காதும்மா. உப்பும் சர்க்கரையும் ஜோடியா வந்தா குடல் சுவர் ரெண்டையும் உள்ள இழுத்துக்கும். பின்னாலயே தண்ணியும் போகும். அப்பத்தான் ரத்தத்துல தண்ணி சேரும், கிட்னியாலயும் சிறுநீரைப் பிரிக்க முடியும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. மடக்கு மடக்காகத்தான் குடிக்க வேண்டும். பி12 வைட்டமினை உறிஞ்சும் கடைசித் துண்டுக் குடலே போய்விட்டதால், அதற்கு ஆயுளுக்கும் ஊசி.

குளியலறையில் அளவுக் குவளை வைத்து, சிறுநீரின் அளவைச் சுவரில் பென்சிலால் குறித்துவந்தாள். பதினோராம் நாள் உள்ளிருந்து ஒரே கத்தல்: “ஏங்க, லிட்டரைத் தாண்டிடுச்சு!” அளவு நாடா கழுத்தில் ஆட ஓடி வந்தவர், கதவுக்கு வெளியே நின்று கைதட்டினார்.

ஒன்பது மாதம் கழித்து, தகுதிச் சோதனையில் கம்பெனி டாக்டர் தயங்கினார். “கால்வாசிக் குடல வச்சுக்கிட்டு மேல எப்படி ஏறுவீங்க?”

“காலாலதான் டாக்டர்.”

ஒரு ஷிப்ட் ஓட்டிக் காட்டச் சொன்னார். உப்புச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். நான்கு மணி நேரத்தில் தொண்ணூற்றாறு பெட்டிகள். ஒன்றின் மூலைகூட நசுங்கவில்லை. வயர்லெஸ்ஸில் மேஸ்திரி கூப்பிட்டார்: “கப்பல் காலிம்மா, இறங்கி வா.”

“இருங்கண்ணே, அடுத்த கப்பல் வருது. இங்கிருந்தே தெரியுது!”