கூச்சத்தால் மறைத்த நோய்

குடல் அழற்சியால் தையல் வேலையை விட்ட பிறகு, அரசாங்கம் மாதாமாதம் தரும் மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தேன். அதற்கான வைத்தியப் பரிசோதனைக்காக மண்டூரிலிருந்து கணவரோடு மட்டக்களப்புக்குப் போனேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று வைத்தியர் கேட்டார். அறையில் வேறு ஆண்களும் இருந்ததால், "பரவாயில்ல, டொக்டர்" என்றேன். அவர் அதை அப்படியே எழுதப்போனார்.

என் கணவர் குறுக்கிட்டார். "இவ நேத்துல இருந்து ஒண்டும் சாப்பிடல்ல, டொக்டர். சாப்பிட்டா பஸ்ஸுல வர ஏலாதெண்டு பயம்."

எனக்கு முகம் எரிந்தது. வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு, மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார். "இனிச் சொல்லுங்க" என்றார். இரத்தம் போவதையும், கழிப்பறைக்கு ஓடுவதையும் அழுதுகொண்டே சொன்னேன். சில மாதங்களில் கொடுப்பனவு கிடைத்தது.

இப்போதெல்லாம் கிளினிக்கில் ஆட்கள் இருந்தால், "தனியாகக் கதைக்க வேணும்" என்று நானே கேட்டுவிடுகிறேன்.