அட்டை அறையில் அப்பாவின் கட்டில்

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குத் தோ பாயோ அடுக்குமாடியில், ஹாலையும் சேர்த்து மூவறை வீடு கிடைத்தது. அதுவரை ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒரே அறையில், அப்பாவும் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக அடைந்து கிடந்தோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாமானெல்லாம் பிடிக்குமா என்று பார்க்க, ஒரு சப்பாத்துப் பெட்டியை வெட்டிப் பிள்ளைகளின் அறையைச் சின்னதாகச் செய்தேன். அப்பாவும் அந்த அறையில்தான் படுக்க வேண்டும்.

ஊரே அடியிலிருந்து மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டு வரைபடம் மீட்டரில், என் டேப்போ அடியில். அறைக்கு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தேன். கட்டில், அலமாரிகளை அடிக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வெட்டினேன். சரியாகத்தான் செய்கிறேன் என்று நம்பினேன்.

பிள்ளைகளின் அடுக்குக் கட்டில், அலமாரி, தையல் மெஷின் எல்லாம் வைத்ததும் அட்டை அறை நிரம்பிவிட்டது. அப்பாவின் கட்டில் என் கையிலேயே நின்றது. எப்படித் திருப்பி வைத்தாலும் கதவை இடித்தது.

"கட்டில் என்னமோ பெருசா தெரியுதுங்க" என்றாள் மனைவி.

"பேசாம இரு லா, கணக்கே குழம்புது" என்று எரிந்து விழுந்தேன்.

அப்பா வந்து பார்த்தார். பலகைக் கடையில் முப்பது வருடம் மரம் அளந்து அறுத்துக் கொடுத்தவர். அட்டைக் கட்டிலை விரலால் ஒருமுறை அளந்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"சரிடா. நான் உன் தம்பி வீட்டுக்கே போறேன்" என்றார். தம்பி காத்தோங்கில் இருந்தான்.

வீடு மாறினோம். சாமான்களை எல்லாம் வைத்த பிறகும் ஜன்னலோரம் இடம் காலியாகக் கிடந்தது. டேப்பைப் போட்டேன். அப்பாவின் கட்டில் தாராளமாகப் பிடிக்கும். ஒன்றும் விளங்காமல் மறுபடி கணக்குப் போட்டேன். மீட்டருக்கு மூன்றேகால் அடி; அடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் வெட்டியிருக்க வேண்டும்.

உடனே பஸ் பிடித்துக் காத்தோங்குக்கு ஓடினேன். அப்பா ஹாலில் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அளவு தப்பாப் போச்சுப்பா. இடம் இருக்கு, வாங்க" என்றேன்.

"தப்புன்னு அன்னிக்கே தெரியும்" என்றார். "வர வேணாம்னு வாயால சொல்ல முடியாமத்தான் நீ அட்டையில செஞ்சு காட்டினியோன்னு நெனச்சேன்."

இல்லப்பா என்று அந்த நொடியே கத்தியிருக்க வேண்டும். மனதில் அப்படி ஒன்று இருந்ததா, இல்லையா என்று எனக்கே குழப்பமாக இருந்தது. அதற்குள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.