வங்கிமேல் வழக்குப் போட்ட வருடம்

என் கணவர் வேலை செய்த பெட்ரோல் நிலையம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய மாதம் அவருடைய சம்பளம் பிந்தி வந்தது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. வீட்டு வாடகையும் கேஸ் பில்லும் மாதா மாதம் எங்கள் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். அந்த மாதம் போவதற்குக் கணக்கில் காசு இருக்கவில்லை. வங்கி இரண்டையும் திருப்பி அனுப்பியது. திருப்பி அனுப்பிய வேலைக்கென்று ஒவ்வொன்றுக்கும் தண்டப்பணம் எடுத்தது. சம்பளம் வந்து விழுந்தபோது அதில் ஒரு பகுதியைத் தண்டம் விழுங்கிவிட்டது. அதனால் அடுத்த மாத வாடகைக்கும் கொஞ்சம் குறைந்தது. அதற்கும் தண்டம். இப்படியே போய், வருடம் முடியும்போது ஒரு மாத வாடகையைவிட அதிகமாக வங்கி எங்களிடம் எடுத்திருந்தது.

அப்போது நாங்கள் தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில் இருந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்த கையோடு வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன மாதம் என்னிடமும் எடுத்தார்கள். நான் இங்கேதான் வேலை செய்கிறேன்" என்றாள். நன்றாகச் சண்டை போடுவதென்று போனவள், அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்களுக்கு மேல் மாடியில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸுக்கு நிற்போம். மழை நாளொன்றில், பஸ் வரத் தாமதித்தபோது, அவளிடம் இதைச் சொன்னேன்.

"அக்கா, இதுக்கெல்லாம் இப்ப ஜனங்க கேஸ் போட்டுத் திரும்ப வாங்குறாங்க" என்றாள். "ஒரு பேமெண்ட்டைத் திருப்பி அனுப்ப அவங்களுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் செலவாகும். கம்ப்யூட்டர் பண்ற வேலை. ஆன செலவுக்கு மேல அபராதம்னு எடுக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் வாதாடுறாங்க."

"லோயருக்கு ஆர் காசு குடுக்கிறது, பிள்ளை?"

"வக்கீலே வேணாம். சின்னத் தொகைக்கு கவுண்டி கோர்ட்ல தனியா ஒரு வழி இருக்கு. நீங்களே போய்ப் பேசலாம். பேப்பர் வேலையை நான் பாத்துக்குறேன்."

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"கோர்ட்டோ? உமக்கென்ன விசரோ?"

அவர் கோர்ட் என்றதும் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருடைய அகதி வழக்கை விசாரித்தார்கள். ஊரில் அவரைப் பிடித்து அடைத்துவைத்த நாட்களைப் பற்றி ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு, இவர் சொல்வது நம்பத்தக்கதல்ல என்று எழுதிவிட்டார்கள். அதற்கு மேலே அப்பீல் போட்டு, பல வருடம் அலைந்த பிறகுதான் விசா கிடைத்தது.

"இப்பதான் சிற்றிசன்சிப்புக்குப் போட்டிருக்கிறம். பாங்க்கோட கொழுவப் போய் அதுக்கு ஏதும் வந்தால்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்? எங்கட காசைத்தானே கேக்கிறம்."

"காசு போனால் போகட்டும். எனக்கு இன்னொருக்கா ஒராளுக்கு முன்னால இருந்து பதில் சொல்ல ஏலாது."

கணக்கு இருவர் பெயரிலும் இருந்ததால் அவருடைய கையெழுத்தும் வேண்டும். நான் வற்புறுத்தவில்லை. சில நாள் கழித்து, வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், "எங்க, கொண்டாரும். கையெழுத்து வைக்கிறன். ஆனா கோர்ட்டுக்கு வரமாட்டன்" என்றார்.

முதலில் காசைக் கேட்டு எழுதினோம், வங்கி பதிலே சொல்லவில்லை. வழக்குப் போட்ட பிறகு, நல்லெண்ணத்துக்காகப் பாதி தருவதாகச் சொன்னது. மேல்மாடிப் பெண், "பாதின்னா ஒத்துக்காதீங்க அக்கா" என்றாள். நாங்கள் மறுத்ததும், வழக்கை எதிர்ப்பதாக வங்கியின் வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். ஒரு கொடுப்பனவைத் திருப்பி அனுப்ப உண்மையில் என்ன செலவாகிறது என்று விளக்கும்படி கோர்ட் வங்கிக்கு உத்தரவிட்டது. அதற்குப் பதில் வராமலே விசாரணை நாள் வந்தது.

அன்று காலை எழும்பிப் பார்த்தால் கணவர் சேர்ட் அயர்ன் பண்ணிக்கொண்டு நிற்கிறார். ஷிப்டை இன்னொருவருடன் மாற்றியிருக்கிறார்.

"நீர் தனியப் போனால் எனக்கு வேலையில மனம் நிக்காது" என்றார்.

கோர்ட் இருந்த குரொய்டனுக்கு டிராமில் போனோம். கோர்ட்டில் விறாந்தை ஓரமாகக் காத்திருந்தபோது வங்கிக்காக வந்த வழக்கறிஞர் எங்களைத் தேடி வந்தார். சின்ன வயது. வழக்குக் கட்டு அன்று காலையில்தான் தன் கைக்கு வந்ததாக அவரே சொன்னார். இப்போதே வழக்கை விட்டால் முக்கால்வாசி தருவதாகவும், அதை வெளியில் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். எனக்கு ஓம் சொல்லத்தான் மனம். முக்கால்வாசியும் ஒரு காசுதானே. கணவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"வேண்டாம். இவ்வளவு தூரம் வந்திட்டம். உள்ளுக்குப் போய்க் கேப்பம்."

கூண்டும் வெள்ளை முடித் தொப்பியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது டாக்டரின் அறையைப் போலத்தான் இருந்தது. ஒரு நீள மேசை, தண்ணீர்க் குவளைகள், மறுபக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. அவர்தான் நீதிபதி. முதலில் வழக்கறிஞரிடம், கோர்ட் கேட்ட விளக்கம் எங்கே என்று கேட்டார். தனக்கு அதுபற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்று அவர் இழுத்தார். அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டு, என் கணவர் பக்கம் திரும்பி, முதன்முதலாக எப்படி இந்தப் பிரச்சினை வந்தது என்று கேட்டார்.

கணவர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். பெட்ரோல் நிலையம் கைமாறியதையும் சம்பளம் பிந்தியதையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தவர், "அது மார்ச் மாதம்" என்றார். உடனே, "இல்லை, ஏப்ரல்" என்றார். அத்துடன் நின்றுவிட்டார். அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை.

"பரவாயில்லை" என்றார் நீதிபதி. "எனக்கும் மாதங்கள் மாறிப்போகும். திகதி எல்லாம் இந்தக் கணக்குத் தாள்களில் இருக்கிறது. நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள்."

கணவர் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். கேட்ட விளக்கத்தைத் தராதபடியால் வங்கியின் எதிர்வாதத்தை ஏற்க முடியாது, எடுத்தது முழுவதையும் கோர்ட் கட்டணத்தோடு திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த இளம் வழக்கறிஞர் வெளியே வந்து எங்களுக்குக் கைகொடுத்தார். தோற்றதில் அவருக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கணவர் நேரே போய் விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "மாசத்தைப் பிழையாச் சொல்லியும் அந்த மனிசி நம்பினவ, என்ன?" என்றார். "ஓம்" என்றேன். பிறகு, பசிக்கிறது என்றார். அங்கேயே ஒரு கடையில் சாப்பிட்டோம்.

காசு வந்தது. அதற்குப் பின்னாலேயே, எங்கள் கணக்கை மூடப்போவதாக வங்கி அறிவித்தது. வேறு வங்கிக்கு மாறினோம். நாங்கள் கேட்டிருந்த குடியுரிமைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவும் கிடைத்தது.

நடந்ததை வேலையிடத்தில் சொன்னேன். என்னோடு வேலை செய்த கானா நாட்டுக்காரி ஒருத்தி, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள், தானும் வழக்குப் போட்டாள். அவளிடம் எங்களைவிட அதிகமாக எடுத்திருந்தார்கள். ஆனால் அதற்குள் பெரிய கோர்ட் ஒரு முடிவு சொல்லும்வரை இப்படிப்பட்ட வழக்குகளையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டார்கள். வருடக்கணக்கில் காத்திருந்தாள். கடைசியில் முடிவு வங்கிகளின் பக்கம் வந்தது. அதே தண்டம், அதே காரணம். நாங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டோம், அவ்வளவுதான். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மதிய இடைவேளையில் அவளோடு அவளுடைய வங்கிக்குப் போனேன். குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டோம். இரக்கப்பட்டு ஒரு சிறு பகுதியைத் திருப்பிப் போட்டார்கள். வெளியே வந்ததும் அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"எனக்குக் காசுகூடப் பரவாயில்லை" என்றாள். "நீ போன மாதிரி ஒரு நீதிபதிக்கு முன்னால் இருந்து, எனக்கு நடந்ததை என் வாயால் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

பஸ் வரும்வரை அதை எனக்குச் சொன்னாள். முதல் மாதத்திலிருந்து, ஒன்றையும் விடாமல்.